ஒரு சிம்... ரெண்டு திரை!

செல்போனும் டேப்லெட்டும் ஜோடி சேர்ந்தால்... ஒரு வரவு–செலவு ரிப்போர்ட்

காலை ஒன்பது மணிக்குத் தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில் ஏறிப் பாருங்கள். முன்பெல்லாம் ஒருத்தர் பேப்பர் வாங்குவார், ஏழு பேர் படிப்பார்கள். முதல் பக்கம் எதிர் சீட்டுக்குப் போகும். விளையாட்டுப் பக்கம் ஜன்னலோரம் போகும். காசு கொடுத்து வாங்கினவர் கையில் வரி விளம்பரம் மட்டும் மிஞ்சும்! இப்போது பேப்பரைக் காணோம். ஆனால் பழக்கம் மட்டும் எங்கே போகும்?

"பிரதர்... ஒரே ஒரு நிமிஷம் ஹாட்ஸ்பாட் ஆன் பண்றீங்களா? ஒரு மெயில் அனுப்பிட்டு ஆஃப் பண்ணிடறேன்..."

கேட்பவர் மடியில் பளபளவென்று ஒரு டேப்லெட். அதில் சிம் கிடையாது. போனில் சிம் இருக்கிறது, அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டது. காலை ஒன்பது மணிக்கே!

இது யாரோ ஓர் ஆசாமியின் கதை இல்லை. ஆபீஸ் போகிற இளைஞர்கள் பலருடைய கதை. போன் சின்னது, கண் வலிக்கிறது. லேப்டாப் பெரிசு, தோள் வலிக்கிறது. நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது டேப்லெட். பகலில் எக்ஸல் ஷீட், சாயங்காலம் டி.என்.பி.எஸ்.சி. நோட்ஸ், ராத்திரி ஒரு படம் என்று எல்லாவற்றுக்கும் தோதாக இருக்கிறது. ஆனால் இன்டர்நெட் இல்லாத டேப்லெட் என்பது விலை உயர்ந்த சிலேட்டுப் பலகைதான். அதற்குப் போன்தான் ஊட்டிவிட வேண்டும்.

ஊட்டுவது சுலபம். ஒரு பட்டனைத் தட்டினால் தீர்ந்தது. கணக்குதான் கஷ்டம்! பி.காம். படித்த தோஷம்... எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கோடு போட்டு, பற்று எது வரவு எது என்று பார்க்கத் தோன்றுகிறது. அப்படிப் பார்த்தால் ஹாட்ஸ்பாட்டுக்கு மூன்று பேரேடு இருக்கிறது. டேட்டா கணக்கு, பாட்டரி கணக்கு, பேர் கணக்கு. முதல் இரண்டையும் எல்லோரும் பார்க்கிறோம். மூன்றாவதை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. வில்லங்கமே அதில்தான் இருக்கிறது!

ஒரே கதவு, நாலு குடித்தனம்

திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நாலு குடித்தனம். வெளியே ஒரே கதவு, ஒரே கதவு எண். போஸ்ட்மேனுக்குத் தெரிந்தது அந்த எண் மட்டும்தான். கடிதங்களை வாசலில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். 'இது மாடி வீட்டுக்கு, இது பின்கட்டுக்கு' என்று பிரித்துக் கொடுப்பது ஹவுஸ் ஓனரின் வேலை.

ஹாட்ஸ்பாட் ஆன் பண்ணியதும் உங்கள் போன் அந்த ஹவுஸ் ஓனர் ஆகிவிடுகிறது. ஒரு பக்கம் செல்போன் டவரோடு 4ஜியிலோ 5ஜியிலோ பேசுகிறது. இன்னொரு பக்கம் வைஃபையில் டேப்லெட்டோடு பேசுகிறது. டேப்லெட்டுக்கு உள்ளே மட்டும் செல்லுபடியாகிற ஓர் எண்ணைக் கொடுக்கிறது. வெளி உலகத்துக்கு அந்த எண் தெரியாது. டேப்லெட் என்ன கேட்டாலும் அது உங்கள் போன் கேட்டதாகத்தான் வெளியே போகும். பதில் வந்ததும் போன் அதை வாங்கி உள்ளே தள்ளிவிடும்.

இந்தக் கதவு எண் சமாச்சாரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேர் கணக்குக்கு வரும்போது தேவைப்படும்.

இந்த வித்தை ரொம்பப் பழசும் இல்லை. 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டபோது, அது டெலிபோன் ஒயர் வழியாக வந்தது. மோடம் 'கொய்ங்... கர்ர்ர்' என்று வீடே அதிரக் கத்தும். பக்கத்து ரூமில் யாராவது ரிஸீவரை எடுத்தால் லைன் அம்பேல்! பிறகு பிரவுஸிங் சென்டர்கள் வந்தன. மணிக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து உட்கார்ந்தோம். 2010 மே மாதம் வெளியான ஆண்ட்ராய்ட் 2.2-ல்தான் ஹாட்ஸ்பாட் அந்த ஆண்ட்ராய்டிலேயே கூடப்பிறந்த வசதியாக வந்தது. 2011 மார்ச்சில் ஐ.ஓ.எஸ். 4.3 மூலம் ஐபோனுக்கும் 'பெர்சனல் ஹாட்ஸ்பாட்' வந்து சேர்ந்தது. பிரவுஸிங் சென்டர் நம் சட்டைப் பைக்குள் வந்தது அப்போதுதான்.

ஆனாலும் யாரும் தாராளமாகக் கொடுக்கவில்லை. ஒரு ஜி.பி. 250 ரூபாய் போல விற்ற காலம் அது. ஹாட்ஸ்பாட் கேட்டால் பூர்வீக நிலத்தில் பங்கு கேட்ட மாதிரி முறைப்பார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டா விலை சரசரவென்று சரிந்தது. எல்லோரும் கர்ணன் ஆகிவிட்டோம்!

சிம் உள்ள டேப்லெட்டா... சிம் இல்லாததா?

கடையில் போய் நின்றதும் முதல் கேள்வி இதுதான். சேல்ஸ்மேன் சிரித்துக்கொண்டே, "ஸார், கொஞ்சம் மேல போட்டா சிம் மாடலே வாங்கிடலாம்" என்பார். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு?

2010-ல் முதல் ஐபேட் வந்தபோதே இரண்டு ஜாதியாகத்தான் வந்தது. 16 ஜி.பி. மாடலில் வைஃபை மட்டும் உள்ளது 499 டாலர். அதே சாமான், 3ஜி வசதியோடு 629 டாலர். வித்தியாசம் 130 டாலர். 2025 மார்ச்சில் ஏ16 சிப்போடு அறிமுகமான ஐபேடுக்கு இந்தியாவில் அறிவித்த ஆரம்ப விலை, வைஃபை மாடலுக்கு 34,900 ரூபாய், செல்லுலார் மாடலுக்கு 49,900 ரூபாய். வித்தியாசம் 15,000! ஆண்ட்ராய்ட் டேப்லெட்டுகளில் இந்த இடைவெளி இவ்வளவு இருக்காது. ஆனாலும் சில ஆயிரங்கள் கூடுதலாக இருக்கும்.

அதோடு முடிந்ததா? டேப்லெட்டுக்குத் தனியாக ரீசார்ஜ் பண்ண வேண்டும். சும்மா 200 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். "வருஷத்துக்கு 2,400-தானே?" என்று கேட்காதீர்கள். செல்போன் கம்பெனி மாதத்துக்கு 28 நாள்! 365-ஐ 28-ஆல் வகுத்துப் பாருங்கள். வருஷத்துக்கு 13 மாதம் வருகிறது. ஆக 2,600 ரூபாய். மூன்று வருஷத்துக்கு 7,800. ஐபேட் உதாரணத்தில் மாடல் வித்தியாசம் 15,000-த்தையும் கூட்டினால் 22,800. இந்தக் காசுக்கு ஊரில் அப்பா–அம்மாவுக்கு ஒரு நல்ல போனே வாங்கி அனுப்பிவிடலாம்.

சிம் மாடல் யாருக்கு வேண்டும்? நாள் பூரா வெளியே சுற்றுகிற ரெப், சைட் இன்ஜினீயர், டேப்லெட்டில் மேப் போட்டுக்கொண்டே வண்டி ஓட்டுகிறவர். இவர்களுக்குத் தேவை. போன் எப்போதும் பக்கத்திலேயே இருக்கிற ஆபீஸ் ஆசாமிகளுக்கு வைஃபை மாடலே பேஷ்!

இதில் எதிர்பாராத ஒரு லாபமும் உண்டு. யு.பி.ஐ. ஆப்கள், பாங்கில் பதிவான நம்பரின் சிம் அந்தக் கருவியிலேயே இருக்கிறதா என்று எஸ்.எம்.எஸ். அனுப்பிச் சோதிக்கும். சிம் இல்லாத டேப்லெட்டில் அந்த வேலை நடக்காது. "அடடா, பணம் அனுப்ப முடியலையே" என்று சிலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். நான் அதை வரவுப் பக்கம்தான் எழுதுவேன். டேப்லெட் வீட்டில் குழந்தை கைக்கும் போகும், ரூமில் நண்பன் கைக்கும் போகும். பணப்பெட்டி போனில் மட்டும் இருப்பது நல்லதுதானே!

கொடுக்க மூன்று வழி

ஒன்று, வைஃபை ஹாட்ஸ்பாட். வேகமானது, வசதியானது. போனில் செட்டிங்ஸுக்குள் போனால் 'ஹாட்ஸ்பாட்' அல்லது 'டெதரிங்' என்ற பெயரில் இருக்கும். அதில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு பாதை காட்டும். 5 என்பது எக்ஸ்பிரஸ். வேகம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டத் திணறும். 2.4 என்பது பாசஞ்சர். வேகம் குறைவு, பக்கத்து ரூம் வரை போகும். போனும் டேப்லெட்டும் ஒரே மேஜையில் என்றால் 5-ஐப் போடுங்கள். ஐபோனில் 'மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அதை ஆன் பண்ணினால் 2.4-க்கு இறங்கிவிடும்.

இரண்டு, புளூடூத். பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் ராஜா ஒருவரின் பட்டப்பெயர் இது! வேகத்திலும் கிட்டத்தட்ட அந்தக் காலம்தான். படம் பார்க்க முடியாது. ஆனால் மெயில், மெஸேஜ் இவற்றுக்குப் போதும். வைஃபையைவிட பாட்டரியைக் குறைவாகத் தின்னும்.

மூன்று, யு.எஸ்.பி. கேபிள். லேப்டாப்புக்கு ரொம்பத் தோது. டேப்லெட்டுகளில் எல்லாம் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. ஆனால் காற்றில் எதுவும் பரவாது, அடுத்தவர் உள்ளே நுழைய முடியாது. கூடவே போனுக்குச் சார்ஜும் ஏறும். மாமனார் வீடு மாதிரி, சாப்பாடும் போட்டு மரியாதையும் கொடுக்கும்!

டேட்டா கணக்கு

"போன்ல நாள் பூரா பார்த்தாலும் தீராது. டேப்லெட்டில் போட்டா ஒரே மணியில் காலி ஸார்!" – இது பொதுவான புலம்பல். மாயமந்திரம் ஒன்றுமில்லை. திரை பெரிசானால் படத்தின் தரத்தை ஆப் தானாகவே உயர்த்தும். நெட்ஃப்ளிக்ஸ் சொல்கிற கணக்கையே எடுத்துக்கொள்வோம். தரம் குறைவு என்றால் மணிக்கு 0.3 ஜி.பி. வரை, நடுத்தரம் 0.7 வரை, ஹெச்.டி. என்றால் 3 ஜி.பி. வரை.

நம் தமிழ்ப்படம் இரண்டரை மணி நேரம். நடுத்தரத்தில் பார்த்தால் 1.75 ஜி.பி. தினம் 2 ஜி.பி. பிளானில் 'சுபம்' போடுகிற வரை தாங்கும். ஹெச்.டி.யில் 7.5 ஜி.பி. வரை போகும். அதாவது ஹீரோயின் அறிமுகம் ஆவதற்குள் டேட்டா முடிந்துவிடும்! பல பிளான்களில் அன்றைய கோட்டா தீர்ந்ததும் வேகத்தை 64 கே.பி.பி.எஸ்.ஸுக்கு இறக்கிவிடுவார்கள். அந்த வேகத்தில் 1 எம்.பி. போட்டோ ஒன்று இறங்க இரண்டு நிமிஷம் ஆகும். ஆகவே முதல் வேலையாக வீடியோ ஆப்பில் தரத்தைக் கையால் குறைத்து வையுங்கள்.

அடுத்தது, டேப்லெட்டின் அப்பாவித்தனம். அதற்கு வைஃபை என்றால் வைஃபைதான். வீட்டு பிராட்பேண்டா, உங்கள் போனின் சொற்ப டேட்டாவா என்று யோசிக்காது. 'ஆஹா, வைஃபை கிடைத்துவிட்டது!' என்று குஷியாகி, ஆப் அப்டேட், போட்டோ பேக்கப், சில ஜி.பி. தேறுகிற சாஃப்ட்வேர் அப்டேட் எல்லாவற்றையும் இறக்க ஆரம்பிக்கும். ஓசிக் கல்யாணத்தில் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி! ஆண்ட்ராய்ட் போனும் ஆண்ட்ராய்ட் டேப்லெட்டும் சேர்ந்தால் பல சமயம் அது தானாகவே புரிந்துகொண்டு அடக்கி வாசிக்கும். நம்பிவிட வேண்டாம். டேப்லெட்டின் வைஃபை செட்டிங்ஸில் உங்கள் ஹாட்ஸ்பாட் பெயரைத் தட்டி 'மீட்டர்ட்' என்று குறித்துவிடுங்கள். ஐபேட் என்றால் 'லோ டேட்டா மோடு'. ஒரு முறை செய்தால் போதும்.

மூன்றாவது ஓட்டை யாருக்கும் தெரிவதில்லை. போனில் எடுத்த 100 எம்.பி. வீடியோவை டேப்லெட்டுக்கு மாற்ற வேண்டும். என்ன செய்கிறோம்? வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே அனுப்பிக்கொள்கிறோம். போனிலிருந்து மேலே போக ஒரு செலவு. அதே போன் வழியாக டேப்லெட்டுக்குக் கீழே இறங்க இன்னொரு செலவு. பக்கத்தில் கிடக்கிற பொருளை எடுக்க டெல்லி வரை போய்த் திரும்புகிற கதை! ஆண்ட்ராய்டில் 'குவிக் ஷேர்', ஆப்பிளில் 'ஏர்டிராப்' இருக்கிறது. இரண்டு கருவிகளும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும். இன்டர்நெட் செலவு பூஜ்யம்.

'அன்லிமிடெட் 5ஜி' வைத்திருப்பவர்கள் சிரிப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள் ஸார். 5ஜி சிக்னல் போய் 4ஜிக்கு இறங்கிவிட்டால் மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும். தவிர, 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்று பொடி எழுத்தில் நிபந்தனையும் இருக்கும். மேன்ஷன் மொத்தத்துக்கும் சப்ளை பண்ணுவது சொந்த உபயோகத்தில் வராது!

பாட்டரி கணக்கு

ஹாட்ஸ்பாட் போட்ட போன் ஒரே சமயத்தில் இரண்டு டூட்டி பார்க்கிறது. டவரோடும் பேச வேண்டும், டேப்லெட்டோடும் பேச வேண்டும். சூடாகாமல் என்ன செய்யும்? சிலர் அந்தக் கோலத்தில் அதைத் தலையணைக்கு அடியில் வேறு வைப்பார்கள். வேண்டவே வேண்டாம். காற்றுப் படுகிற இடத்தில் வையுங்கள். கனமான கவர் இருந்தால் கழற்றுங்கள்.

சிக்னல் மோசமாக இருக்கும் இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே களைத்துவிடும். மேன்ஷன் உள்ரூம்வாசிகளுக்கு ஒரு யோசனை. போனை ஜன்னலோரம் வைத்துவிட்டு டேப்லெட்டோடு நீங்கள் கட்டிலுக்குப் போங்கள். சிக்னல் எங்கே வருகிறதோ அங்கே போனை நிறுத்தலாம். இது ஹாட்ஸ்பாட்டில் மட்டும் கிடைக்கிற சௌகரியம். சிம் உள்ள டேப்லெட்டுக்குக்கூட இந்த யோகம் இல்லை.

'யாரும் இணைந்திருக்காவிட்டால் தானாக அணைந்துவிடு' என்று ஒரு வசதி பல போன்களில் உண்டு. ஆன் பண்ணி வைத்துவிடுங்கள்.

ஆபீஸ்காரர்களுக்கு முக்கியமான ஒன்று. இரண்டு சிம் போடுகிற போன்கள் பலவற்றில், ஒரு சிம்மில் டேட்டா ஓடும்போது இன்னொரு சிம்முக்குப் போன் வந்து நீங்கள் எடுத்தால் டேட்டா நின்றுபோகும். டேப்லெட்டில் மேனேஜரோடு வீடியோ மீட்டிங். "நம்ம டார்கெட் என்னன்னா ஸார்..." என்று ஆரம்பிக்கிறீர்கள். இரண்டாவது சிம்மில் அம்மா! "சாப்பிட்டியாப்பா?" அவ்வளவுதான், திரையில் மேனேஜர் வாயைத் திறந்தபடி சிலையாகிவிடுவார். 'டேட்டா ட்யூரிங் கால்ஸ்' என்ற ஸ்விட்ச் சில போன்களில் இதைச் சரிபண்ணும். இல்லாவிட்டால் மீட்டிங் நேரத்தில் இரண்டாவது சிம்முக்கு லீவு கொடுத்துவிடுங்கள். அம்மாவுக்கு முன்கூட்டியே போன் பண்ணிச் சாப்பிட்டாச்சு என்று சொல்லிவிடுவது உத்தமம்.

ஹாட்ஸ்பாட் கேட்போர் – ஐந்து வகை!

1. ஒரு நிமிஷ ஆசாமி: ஒரு மெயில் என்று ஆரம்பிப்பார். நீங்கள் இறங்குகிற ஸ்டேஷன் வந்த பிறகும் 'அட்டாச்மென்ட் போயிட்டிருக்கு' என்பார்.

2. ஆட்டோ கனெக்ட் மாப்பிள்ளை: ஒரே ஒரு முறை பாஸ்வேர்டு வாங்கியிருப்பார். அதற்குப் பிறகு உங்கள் டேப்லெட்டுக்காக நீங்கள் ஆன் பண்ணும்போதெல்லாம் அவர் போனும் கேட்காமலே வந்து ஒட்டிக்கொள்ளும். தலைதீபாவளி முடிந்தும் ஊருக்குப் போகாத மாப்பிள்ளை இவர்.

3. ஊரான் வீட்டு வள்ளல்: நீங்கள் காட்டிய க்யூ.ஆர். கோடை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ரூமுக்கு ரூம் அனுப்புவார். அந்தக் கோடுக்குள் பாஸ்வேர்டு அப்படியே இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும்!

4. மேனேஜர்: கிளையன்ட் ஆபீஸில் பிரஸன்டேஷனுக்குக் கேட்பார். மறுக்க முடியாது. 'வியாபார அபிவிருத்திச் செலவு' என்று எழுதிவைத்துக்கொள்ளவும். அப்ரைஸலில் வரவு வந்தாலும் வரலாம்.

5. நிஜமான தேவைக்காரர்: பத்து மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ, ஒன்பது ஐம்பதுக்கு அவர் போனில் டேட்டா காலி. இவருக்கு யோசிக்காமல் கொடுங்கள். 2020 ஊரடங்கில் அப்பாவின் ஒரே போனை நம்பி ஆன்லைன் வகுப்பு படித்த பிள்ளைகள் எத்தனை பேர்! 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜி.பி. டேட்டா கார்டு தரத் தமிழக அரசே முன்வந்தது. டேட்டா என்பது சில சமயம் ஒருவருடைய படிப்பு, ஒருவருடைய வேலை.

பேர் கணக்கு

இப்போது அந்தத் திருவல்லிக்கேணி வீட்டுக்குத் திரும்புவோம். நாலு குடித்தனம், ஒரே கதவு எண். பின்கட்டில் இருப்பவர் யாருக்கோ மொட்டைக் கடிதாசி போடுகிறார். அனுப்பியவர் விலாசம் எது? உங்கள் கதவு எண்! போலீஸ் முதலில் தட்டப்போவது யார் கதவை?

கற்பனை இல்லை. 2008 ஜூலை 26-ல் அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. வெடிப்பதற்குச் சில நிமிஷங்களுக்கு முன்னால் டி.வி. சேனல்களுக்கு ஒரு ஈமெயில் போனது. அது புறப்பட்ட இணைய முகவரியைத் துரத்திக்கொண்டு போன போலீஸ், நவி மும்பையில் ஒரு ஃப்ளாட் வாசலில் போய் நின்றது. குடியிருந்தவர் ஓர் அமெரிக்கர். அவருக்கும் அந்த மெயிலுக்கும் சம்பந்தமே இல்லை. அவர் வீட்டு வைஃபை பாதுகாப்பில்லாமல் திறந்து கிடந்தது. யாரோ அதில் நுழைந்து அனுப்பிவிட்டுப் போய்விட்டார்கள். மனிதர் விசாரணை, கம்ப்யூட்டர் சோதனை என்று ஊரறிய அலைக்கழிந்தார். 2009-ல் தொலைத்தொடர்புத் துறையே, வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக வைப்பது பற்றி இணையக் கம்பெனிகளுக்கு உத்தரவு போட வேண்டிவந்தது.

உங்கள் ஹாட்ஸ்பாட்டும் அதே ஜாதிதான். இன்னும் ஒரு படி மேல். சிம் உங்கள் அடையாள அட்டையைக் கொடுத்து வாங்கியது. எந்த நேரத்தில் எந்த நம்பர் எந்த முகவரியில் இன்டர்நெட் போனது என்ற பதிவு செல்போன் கம்பெனியிடம் இருக்கும். பக்கத்து ரூம்காரர் உங்கள் ஹாட்ஸ்பாட்டில் உட்கார்ந்து ஆபாசமாக மிரட்டல் மெஸேஜ் போட்டாலும், போலி லோன் ஆப் நடத்தினாலும், பதிவில் விழுவது உங்கள் நம்பர். கடைசியில் 'இவர் இல்லை' என்று நிரூபணம் ஆகிவிடும். ஆனால் அதற்குள் எத்தனை முறை லீவு போடுவீர்கள்? ஆபீஸில் என்ன காரணம் எழுதிக் கொடுப்பீர்கள்?

டேட்டா நள்ளிரவில் மறுபடி நிறைந்துவிடும். பாட்டரி ஒரு மணி நேரத்தில் ஏறிவிடும். பேருக்கு ரீசார்ஜ் பிளான் எந்தக் கம்பெனியிலும் இல்லை!

பயந்து ஹாட்ஸ்பாட்டையே மூட்டை கட்டிவைக்க வேண்டாம். பத்து நிமிஷ வேலைதான்.

பாஸ்வேர்டு இல்லாத 'ஓப்பன்' ஹாட்ஸ்பாட் கூடவே கூடாது. செக்யூரிட்டி என்ற இடத்தில் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 இருக்கட்டும்.

குறைந்தது எட்டு எழுத்து கேட்கும். உடனே உங்கள் செல் நம்பரைப் போடாதீர்கள். ரூமில் அது தெரியாதவர் யார்? 12345678-ம் வேண்டாம். உங்களுக்கு மட்டும் புரிகிற ஒரு வாக்கியம், நடுவில் இரண்டு எண். அது போதும்.

ஹாட்ஸ்பாட்டுக்கு உங்கள் பெயரையும் ரூம் நம்பரையும் வைக்காதீர்கள். ரயிலில் ஆன் பண்ணினால் பெட்டி முழுக்க விசிட்டிங் கார்டு கொடுத்த மாதிரி.

எத்தனை பேர் இணையலாம் என்று பல போன்களில் வரம்பு வைக்கலாம். ஒரு டேப்லெட் என்றால் '1' என்று வையுங்கள். யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியலையும் அப்போதைக்கப்போது பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

வெளியாளுக்குக் கொடுக்க வேண்டியிருந்தால் கொடுங்கள். பாஸ்வேர்டை வாயால் சொல்லாமல் நீங்களே அவர் கருவியில் அடித்துக் கொடுங்கள். அவர் கிளம்பியதும் மாற்றிவிடுங்கள். உங்கள் டேப்லெட்டில் திரும்ப ஒரு முறை அடிக்க வேண்டும். அவ்வளவுதான் சிரமம். போனும் டேப்லெட்டும் ஒரே ஆப்பிள் அக்கவுன்ட்டிலோ, ஒரே சாம்சங் அக்கவுன்ட்டிலோ இருந்தால் அந்தச் சிரமமும் இல்லை. பாஸ்வேர்டு கேட்காமலே இணைத்துக்கொள்கிற வசதி இரண்டிலும் உண்டு.

பாலன்ஸ் ஷீட்

ஆக மொத்தம் என்ன? போன் பக்கத்திலேயே இருக்கிறவருக்கு ஒரு சிம் தாராளமாகப் போதும். இரண்டாவது சிம்முக்குப் போகிற ஆயிரங்கள் மிச்சம். வீடியோ தரம், 'மீட்டர்ட்' குறி, குவிக் ஷேர் – இந்த மூன்றையும் சரிபண்ணினால் டேட்டா தாங்கும். ஜன்னலோரம் வைத்தால் பாட்டரி தாங்கும். பாஸ்வேர்டு ஒழுங்காக இருந்தால் பேர் தாங்கும்.

காமர்ஸ் கிளாஸில் முதல் வருஷமே ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். கடன் கொடுப்பது தப்பில்லை. யாருக்குக் கொடுத்தோம் என்று பேரேட்டில் எழுதாமல் கொடுப்பதுதான் தப்பு. அடுத்த முறை "பிரதர், ஒரே நிமிஷம்" என்று யாராவது கேட்டால் கொடுங்கள். டேட்டா அவர் எடுத்துக்கொள்ளட்டும். சாவி மட்டும் உங்கள் பையிலேயே இருக்கட்டும்!